ஆஃப்செட்டைத் தொடாதே: ஓசூர் லைன் சூப்பர்வைசர் ஒருவரைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

முதல் நாள் அவர் அதிகம் வாய் திறக்கவில்லை. பேசியதெல்லாம் மனைவிதான். "தன்னத்தான் திருத்திக்கிட்டிருந்தார்னா பரவால்லீங்க மேடம். இப்ப எங்களையும் ரீவொர்க் பண்ணப் பாக்குறாரு."

ஓசூர் பக்கம் வீட்டில் ஒருவர் சிப்காட்டுக்கு வேலைக்குப் போனால் தொழிற்சாலைச் சொற்களும் டிபன் டப்பாவோடு வீடு வந்து சேர்ந்துவிடும். ரிஜெக்‌ஷன் என்றால் அளவு தப்பியதால் கழித்துப் போட்ட உருப்படி. ரீவொர்க் என்றால் அதை மறுபடி மெஷினில் ஏற்றித் தேற்றப் பார்ப்பது. அந்த அம்மா இதைச் சொன்னபோது குரலில் கோபத்தைவிட அயர்வுதான் அதிகம். ஏழு வயது மகள் பக்கத்து நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். "நேரா உக்காரு" என்று அப்பா இரண்டு முறை சொன்னார்.

அவருக்கு வயது 36. டிப்ளமோ மெக்கானிக்கல். வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் 14 ஆண்டுகள், அதில் கடைசி நான்கு ஆண்டுகளாக லைன் சூப்பர்வைசர். சொந்த ஊர் காவேரிப்பட்டணம் பக்கம், அப்பாவுக்கு அங்கே இரண்டு ஏக்கர் மாந்தோப்பு. ஓசூரில் வீட்டுக் கடன் போட்டு வாங்கிய வீடு. ஓசூரிலேயே ஆள் பார்க்காமல் ஐம்பது கிலோமீட்டர் தாண்டி, கிருஷ்ணகிரியில் மருந்துக்கடை மாடியிலிருக்கும் என் மனநல ஆலோசனை அறைக்கு ஏன் வந்தார் என்று கேட்கத் தேவையே இருக்கவில்லை. கம்பெனி ஆட்கள் யாரும் பார்த்துவிடக் கூடாது.

(அடையாளம் தெரியாமலிருக்க சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். இன்னொருவருடைய அனுபவத்திலிருந்தும் ஒன்றிரண்டு இதில் கலந்திருக்கின்றன. எழுதியதை அவரிடம் படித்துக் காட்டினேன். ஒரே ஒரு திருத்தம் சொன்னார், அது மைக்ரான் கணக்கில்.)

வந்த காரணம்

மூன்று மாதமாகச் சரியான தூக்கமில்லை. நெஞ்சு படபடக்கிறது என்று இசிஜி எடுத்துப் பார்த்திருக்கிறார், ஒன்றுமில்லை. தைராய்டு, சர்க்கரை, பி12 எல்லாம் சரி. லைனில் கத்துகிறார், பிறகு அதை நினைத்து இரவெல்லாம் புழுங்குகிறார். ஒருநாள் ஷிஃப்ட் முடிந்து பைக் ஸ்டாண்டில் ஹெல்மெட்டைக் கழற்றாமலே அழுதிருக்கிறார். "எதுலயும் மனசு ஒட்டலைங்க. ஆனா எதையும் விடவும் முடியல" என்றார்.

பிஎச்க்யூ-9 வினாத்தாளில் 27க்கு 13 வந்தது. நடுத்தர அளவு மனச்சோர்வு. ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் பற்றியது. அதற்குப் பூஜ்யம் போட்டிருந்தார். தாளை மட்டும் நம்பாமல் நேராகவும் கேட்டேன். அப்படியில்லை என்றார். ஆனாலும் நைட் ஷிஃப்டில் இருப்பவர் என்பதால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி-மானஸ் எண் 14416ஐ எழுதிக் கொடுத்தேன். மனநல மருத்துவர் ஒருவரும் பார்த்தார். இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், ஆறு வாரம் கழித்துப் பார்க்கலாம் என்றார்.

நோட்டு

இரண்டாவது அமர்வுக்கு ஒரு நீள நோட்டைக் கொண்டுவந்தார். ஸ்டீல் ஸ்கேல் வைத்துப் போட்ட கோடுகள், பிசிறில்லாத கையெழுத்து. ஒரு நாளைக்கு ஒரு வரி, வரிக்குப் பதினான்கு கட்டம்.

காலை நாலரைக்கு எழுந்தாச்சா. பச்சைத் தண்ணீர்க் குளியல். பத்தாயிரம் அடி நடை. இருபது பக்கம் படிப்பு. அரை மணி நேரம் ஆப்பில் இங்கிலீஷ். பார்ட் டைம் டிகிரிக்கு ஒரு மணி நேரம். சர்க்கரை இல்லை. ராகிக் களிக்குப் பதில் ஓட்ஸ். (கேவுருக்குப் பேர்போன மாவட்டத்தில், வீட்டு மாவு டப்பாவில் ராகி இருக்க, ஒருவர் ஓட்ஸ் பாக்கெட் வாங்கித் தின்று அதற்கு மார்க் போட்டுக்கொள்வதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை.) கோபப்படவில்லை. மொபைல் ஒரு மணிக்குள். 'வேஸ்ட் டைம் – பூஜ்யம்' என்று ஒரு கட்டம். என்னவென்று கேட்டேன். ஊர்க்காரர்கள் போன் செய்தால் எடுத்துப் பேசுவதாம். இப்படியே மற்றவையும். ராத்திரி நூற்றுக்கு மார்க். மார்க் குறைந்தால் மறுநாள் வரிக்கு மேலே சிவப்பு மையில் 'ஆக்‌ஷன் பிளான்': நாலரை போதாது, நாலேகால். இருபது பக்கம் போதாது, இருபத்தைந்து.

இது எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டியதில்லை. ஓசூரில் எந்தப் பட்டறைக்குள் நுழைந்தாலும் சுவரில் கைசன் பலகை இருக்கும். ஜப்பானிய மொழியில் 'கை' என்றால் மாற்றம், 'ஸென்' என்றால் நல்லது. தொழிலாளி சின்னதாக ஒரு முன்னேற்றம் செய்தால் முன்னால், பின்னால் என்று இரண்டு போட்டோவோடு அதில் ஒட்டுவார்கள். இவருடைய போட்டோக்கள் அந்தப் பலகையில் பலமுறை வந்திருக்கின்றன. நல்ல தொழிலாளி. அந்தப் பலகையைத்தான் அவர் வீட்டுக்குக் கொண்டுவந்தார், நிஜமாகவே. சமையலறையில் கேஸ் அடுப்புக்கு எதிரே ஒரு வெள்ளைப் பலகை. மூன்று பத்தி, மூன்று பேர். பாப்பாவுக்குக் கையெழுத்து. மனைவிக்கு மொபைல் நேரம், எண்ணெய் அளவு.

மனைவி சொன்ன ஒரு காட்சி எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. இரவு 11:20. மொட்டை மாடியில் செருப்புச் சத்தம். போய்ப் பார்த்தால் இவர் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிச் சுற்றி நடக்கிறார். கைக்கடிகாரம் 8,600 காட்டுகிறது. பத்தாயிரம் ஆக வேண்டும். காலையில் நாலேகாலுக்கு எழ வேண்டும்.

அந்தப் பத்தாயிரம் எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் அவரிடம் சொன்னேன். 1964 டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த சூட்டில், 1965இல் ஜப்பானில் ஒரு கம்பெனி நடை எண்ணும் கருவி விற்றது. அதன் பெயருக்கே 'பத்தாயிரம் அடி மீட்டர்' என்றுதான் பொருள். மருத்துவ ஆய்வு சொன்ன எண் இல்லை அது, விற்பனைக்கு வைத்த பெயர். 2019இல் வயதான பெண்கள் பதினாறாயிரத்துச் சொச்சம் பேரை வைத்து நடந்த ஒரு ஆய்வில், நடையினால் ஆயுளுக்குக் கிடைக்கும் பலன் 7,500 அடியோடு நின்றுவிட்டது. அவர் கவனமாகக் கேட்டார். அடுத்த வாரம் நோட்டில் 10,000ஐ அடித்து 7,500 என்று எழுதி, மிச்சமான நேரத்துக்குத் தண்டால் சேர்த்திருந்தார்.

நான் செய்த தவறு

இதற்கு முன்பே நான் சறுக்கியிருந்தேன். இரண்டாவது அமர்வின் முடிவில், "தினமும் பத்து நிமிஷம் சும்மா உட்காருங்க, படுக்கும் முன்னால அன்னைக்கு நடந்த மூணு நல்ல விஷயத்தை நினைச்சுப் பாருங்க" என்று வீட்டுப்பாடம் கொடுத்தேன். பாடப்புத்தகத்தில் இருப்பதுதான். பலருக்குப் பலனும் தந்திருக்கிறது. இவர் மூன்றாவது அமர்வுக்கு வரும்போது நோட்டில் பதினாறு கட்டம். 'அமைதி – 10 மார்க்', 'நன்றி – 5 மார்க்'. அமைதியில் சராசரி நாலு மார்க்தான் வருகிறது, எப்படிக் கூட்டுவது என்று கேட்டார்.

ஐரிஸ் மாஸ் என்ற உளவியலாளரும் அவரோடு பணியாற்றியவர்களும் 2011இல் வெளியிட்ட ஒரு சோதனை உண்டு. மகிழ்ச்சி எவ்வளவு முக்கியம் என்று வலியுறுத்தும் கட்டுரை ஒன்றைச் சிலரைப் படிக்க வைத்தார்கள். பிறகு சந்தோஷமான ஒரு படத்துண்டைக் காட்டினார்கள். கட்டுரையைப் படித்தவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகவே சந்தோஷப்பட்டார்கள். இவ்வளவு சந்தோஷம் வர வேண்டுமே, வரவில்லையே என்ற கணக்கு உள்ளே ஓடத் தொடங்கினால் இருப்பதும் போய்விடுகிறது. இதை வகுப்பில் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். எதிரே ஒருவர் உட்கார்ந்தபோது மறந்துவிட்டேன்.

அடுத்த சறுக்கல் இன்னும் மோசம். கிருஷ்ணகிரிக்காரர், அப்பாவுக்குத் தோப்பு, ஆகவே மாமரத்தை வைத்துப் பேசினால் மனதில் ஏறும் என்று நினைத்தேன். "மரமே ஒரு வருஷம் காய்ச்சா மறுவருஷம் ஓயுது, நீங்க ஓயவே மாட்டேங்கறீங்களே."

"அது அல்போன்சா மேடம். எங்களது பெங்களூரா. வருஷா வருஷம் காய்க்கும்." கொஞ்சம் நிறுத்தி, "அதோட மரத்துக்கு இஎம்ஐ கிடையாதுங்க" என்றார்.

அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்த இஎம்ஐ என்னைக் குடைந்துகொண்டே வந்தது. 'உன்னை நீயே ஏற்றுக்கொள்' என்று சொல்வதற்குச் சம்பளம் உறுதியானவர்களுக்கு நாக்கு கூசுவதில்லை. இவர் உலகில் திருத்தம் நின்றால் இடமும் போய்விடும் என்ற பயம் வெறும் மனப்பிரமை இல்லை.

ஆஃப்செட்

ஐந்தாவது அமர்வுக்கு ஒன்றேகால் மணி நேரம் தாமதமாக, எண்ணெய் வாடையோடு வந்தார். லைனில் காலையிலிருந்து ரிஜெக்‌ஷன். புதிதாக வந்த பையன் ஒருவன் ஆஃப்செட்டை, அதாவது மெஷின் வெட்டும் அளவைக் கொஞ்சம் கூட்டிக் குறைக்கும் எண்ணைத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறான். எனக்குப் புரியவில்லை. என் மேசையிலிருந்த குறிப்புத் தாளை இழுத்து வரைந்தே காட்டினார்.

உருப்படி நடுவில் ஒரு துளை. டிராயிங்கில் 25 மில்லிமீட்டர். 25.000க்குக் குறையக் கூடாது, 25.021ஐத் தாண்டக் கூடாது. மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான், ஆக மொத்தமே 21 மைக்ரான் இடைவெளி. மெஷினை 25.010க்கு வைத்திருக்கிறார்கள். எந்த மெஷினும் ஒவ்வொரு உருப்படியையும் அச்சு அசலாக ஒரே அளவில் தராது. இந்த மெஷினுக்கு மேலே 9, கீழே 9 மைக்ரான் ஆட்டம் உண்டு. விட்டுவிட்டால் எல்லாமே டிராயிங்குக்குள் வந்து விழும்.

பையன் பொறுப்பானவன். ஒவ்வொரு உருப்படியையும் துளை அளக்கும் போர் கேஜ் வைத்து அளக்கிறான். ஒன்று 25.016 வருகிறது. ஆறு கூடிவிட்டதே என்று ஆஃப்செட்டில் ஆறு குறைக்கிறான். அடுத்த உருப்படி இயல்பாக 25.005 வந்திருக்க வேண்டியது. இவன் குறைத்ததால் 24.999. போச்சு. உடனே பதறிப் பதினொன்று கூட்டுகிறான். "துளை சிறுத்தா ரீவொர்க் மேடம், திரும்பக் கடைஞ்சுக்கலாம். பெருத்துட்டா ஸ்கிராப்."

எட்வர்ட்ஸ் டெமிங் புனலும் கோலிக்குண்டும் வைத்துச் செய்து காட்டிய பாடம் இது. 1950இல் ஜப்பானுக்குப் போய்த் தரக் கட்டுப்பாடு சொல்லிக்கொடுத்த அமெரிக்கர். ஓசூர் பயிற்சி வகுப்புகளில் அவர் பெயர் அடிபடாத நாளில்லை. ஒழுங்காக ஓடும் ஒன்றை ஒவ்வொரு விலகலுக்கும் திருத்தினால் சிதறல் குறையாது, 41 சதவீதம் கூடும். 9 மைக்ரான் ஆட்டம் கிட்டத்தட்ட 13 ஆகிவிடும். அவ்வளவும் அக்கறையினால்.

"அந்தப் பையன்கிட்ட என்ன சொன்னீங்க?"

"கைய எடுடா. மெஷின் நல்லாத்தான் இருக்கு. அது ஆடற ஆட்டம் அவ்வளவுதான்னேன்."

நான் ஒன்றும் பேசாமல் அவருடைய நோட்டை அவர் பக்கம் தள்ளினேன். புரிந்துகொண்டார். பிடிக்கவில்லை. "மனுஷனும் மெஷினும் ஒண்ணா மேடம்?" என்றார். நியாயமான கேள்வி. அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. சரி, இந்த ஆளை இழந்துவிட்டோம் என்று நினைத்தேன்.

மூன்றாம் வாரம் சுருட்டிய ஒரு தாளோடு வந்தார். நைட் ஷிஃப்டில் உட்கார்ந்து, தன்னுடைய 90 நாள் மார்க்கையும் கன்ட்ரோல் சார்ட்டில் புள்ளி வைத்திருந்தார். அளவு எவ்வளவு ஆடுவது இயல்பு, எது அதைத் தாண்டியது என்று காட்டும் வரைபடம் அது. 1924இல் வால்டர் ஷூஹார்ட் கண்டுபிடித்த முறை, இன்றும் ஒவ்வொரு லைனிலும் தொங்குவது. சராசரி 61. ஒரு நாளுக்கும் மறுநாளுக்கும் உள்ள வித்தியாசத்தின் சராசரி 11. அதை இந்த முறைக்கான மாறாத எண் 2.66ஆல் பெருக்கி, வந்த 29ஐச் சராசரியோடு கூட்டி மேல் எல்லை 90, கழித்துக் கீழ் எல்லை 32 என்று சிவப்புக் கோடு போட்டிருந்தார். 90 புள்ளிகளில் 88 கோட்டுக்குள். வெளியே விழுந்தவை இரண்டே. ஒன்று மகளுக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்த நாள். மற்றது தாய்மாமன் இறந்த நாள். அன்றைக்கும் மார்க் போட்டிருக்கிறார், 19.

பதினொரு இடத்தில் ஊதா அம்புக்குறி. ஆக்‌ஷன் பிளான் போட்ட நாட்களாம். எல்லாமே ஒரு தாழ்ந்த புள்ளிக்கு அடுத்து. முதல் 30 நாள் சராசரி 62, கடைசி 30 நாள் 59. பதினொரு திட்டத்தால் ஒரு மார்க்கூட ஏறவில்லை. ஆட்டம் மட்டும் கூடியிருந்தது. முதல் மாதத்தில் நாளுக்கு நாள் 9 மார்க் வித்தியாசம், மூன்றாம் மாதத்தில் 13.

"இப்படி ஒரு சார்ட் என் லைன்ல வந்தா ஆபரேட்டர மாத்தியிருப்பேங்க" என்றார். இருவரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும்தான் அந்த வாக்கியத்தைக் கவனித்தேன். இங்கேயும் அவருக்குத் தோன்றியது ஆளை மாற்றத்தான்.

டிராயிங் யாருடையது

61 நல்ல மார்க்கா, கெட்ட மார்க்கா என்று கேட்டேன். சார்ட் அதைச் சொல்லாதாம். கன்ட்ரோல் லிமிட் மெஷின் சொல்வது, ஸ்பெக் லிமிட் கஸ்டமர் சொல்வது, இரண்டையும் போட்டுக் குழப்பக் கூடாது என்று எனக்குப் பாடம் எடுத்தார். "டிராயிங் பாக்கணும் மேடம்."

"உங்க டிராயிங்க யாரு போட்டது?"

அந்த அமர்வு அதிலேயே போயிற்று. நான்கு ஆண்டுகளுக்கு முன் அசிஸ்டன்ட் மேனேஜர் பதவி ஒன்று காலியாயிற்று. இவருக்குத்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். வந்தது பி.இ. முடித்த ஒரு இளைஞர், இவரே ஒரு வருடம் கூட வைத்துத் தொழில் கற்றுக்கொடுத்தவர். அது பரவாயில்லை. ஒரு ரிவ்யூ கூட்டத்தில் மேலதிகாரி ஒருவர் எல்லோர் முன்னாலும், "டிப்ளமோகிட்ட இவ்வளவுதான் எதிர்பாக்க முடியும்" என்றார். கூட்டம் நடந்தது வெள்ளிக்கிழமை. முதல் நோட்டு வாங்கியது ஞாயிற்றுக்கிழமை. நான்கு ஆண்டுகளில் இது ஏழாவது நோட்டு.

டோரி ஹிக்கின்ஸ் என்ற உளவியலாளர் 1987இல் மூன்று 'நான்'களைப் பிரித்தார். இருக்கிற நான், ஆக விரும்புகிற நான், ஆகியே தீர வேண்டிய நான். முதலுக்கும் இரண்டாவதற்கும் இடைவெளி கூடினால் வருவது சோர்வு, ஏமாற்றம். முதலுக்கும் மூன்றாவதற்கும் கூடினால் வருவது பதற்றம், குற்றவுணர்வு. இவரிடம் பதற்றம்தான் முன்னால் நின்றது, சோர்வு பின்னால் வந்தது. அதனால் பழைய பதினான்கு கட்டத்தையும் சீட்டுகளாக வெட்டி மேசையில் பரப்பி மூன்று குவியலாகப் பிரிக்கச் சொன்னேன். எனக்கு வேண்டியது, எவனோ கேட்டது, தெரியவில்லை.

'எனக்கு வேண்டியது' பக்கம் மூன்று வந்தது: தூக்கம் (அது நோட்டிலேயே இல்லை, புதிதாக எழுதி வைத்தார்), டிகிரி, மகளுக்கு இரவில் கதை சொல்வது (இதுவும் நோட்டில் இல்லை). இங்கிலீஷைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். பெங்களூரில் ஐடியில் இருக்கும் பெரியப்பா மகன் ஞாபகம் வந்ததாம். அது இரண்டாவது குவியலுக்குப் போனது. நாலரை மணி, பச்சைத் தண்ணீர், ஓட்ஸ் எல்லாம் அங்கேதான்.

டிகிரி முதல் குவியலில் இருப்பதில் எனக்கு மறுப்பில்லை. டிப்ளமோவுக்கும் பி.இ.க்கும் இடையிலிருக்கும் சம்பள வேறுபாட்டை என் அறையில் உட்கார்ந்து பேசித் தீர்க்க முடியாது. கம்பெனி செய்ததை அவருடைய மனக்குறையாக மாற்றிவிட்டு, அதற்கு மூச்சுப்பயிற்சி சொல்லிக் கொடுக்கும் ஆலோசகராக இருப்பதற்கு நான் வேறு வேலை பார்க்கலாம். முன்னேற வேண்டும் என்பது அவருடைய நோய் இல்லை. பழுதான உருப்படி என்று தன்னைத் தானே தினமும் கேஜ் வைத்துப் பார்ப்பதுதான் அவரை அரித்தது.

கரோல் ரிஃப் என்ற உளவியலாளர் 1989இல் மனநலத்தை ஆறு கூறாகப் பார்த்தார்: தன்னை ஏற்றல், நல்லுறவு, சுயமாக முடிவெடுத்தல், சூழலைச் சமாளித்தல், வாழ்வுக்கு ஒரு நோக்கம், வளர்ச்சி. ஆறில் வளர்ச்சி ஒன்று. அதிலும் குறையைக் களைவது மட்டும் அடக்கமில்லை, புதியதற்கு மனதைத் திறந்து வைப்பதும் அடக்கம். இவருடைய பதினான்கு கட்டங்களை அந்த ஆறில் பொருத்திப் பார்த்தேன். 'நல்லுறவு' என்பதற்கு நேராக வந்து நின்றது ஒன்றே ஒன்று. 'வேஸ்ட் டைம் – பூஜ்யம்.'

முப்பது நாள்

ஒப்பந்தம் இதுதான்: முப்பது நாள் மார்க் எழுதலாம், ஆக்‌ஷன் பிளான் கூடாது. 19 வந்தாலும் 91 வந்தாலும் கையைக் கட்டிக்கொண்டு அடுத்த வரிக்குப் போக வேண்டும். கோட்டுக்கு வெளியே ஒரு புள்ளி விழுந்தால் மட்டும், 'நான் என்ன தப்பு செய்தேன்' என்று கேட்காமல் 'அன்றைக்கு என்ன நடந்தது' என்று கேட்க வேண்டும்.

ஆறாம் நாளிலிருந்து ஒன்பதாம் நாள் வரை மிகவும் கஷ்டப்பட்டார். ஞாயிற்றுக்கிழமை போன் செய்தார். ஒருநாள் விட்டால் எல்லாம் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமே, 21 நாள் விடாமல் செய்தால் பழக்கமாகிவிடும் என்ற கணக்கு உடைந்துவிடுமே என்றார். அந்த 21, மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜன் 1960இல் எழுதியது. அறுவை செய்துகொண்டவர்களுக்குப் புது முகம் பழகக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று கவனித்துச் சொன்னார், அவ்வளவே. பழக்கம் படிவதை முறையாக அளந்தது பிலிப்பா லாலி என்ற ஆய்வாளர், 96 பேரை வைத்து, 2010இல். நடுமதிப்பு 66 நாள், ஆளுக்கு ஆள் 18லிருந்து 254 வரை. இடையில் ஒருநாள் தவறியதால் பெரிதாக ஒன்றும் குடிமுழுகவில்லை. அவருக்கு இந்த 18–254 என்ற அகலம்தான் பிடித்துப்போனது. "இவ்வளவு டாலரன்ஸா?" என்றார்.

முப்பது நாள் முடிந்தபோது சராசரி 63. சொல்லும்படி ஏறவில்லை. ஆட்டம் 13லிருந்து 8க்கு வந்திருந்தது. தூக்கம் ஐந்து மணி நேரத்திலிருந்து ஆறரை. அதன் பிறகு மார்க் போடுவதையே விட்டார். நான் விடச் சொல்லவில்லை. போரடித்துவிட்டதாம்.

கூத்து

ஒரு கேள்வி கேட்டு வைத்திருந்தேன்: மார்க் போடாமல், யாருக்கும் காட்டாமல், கடைசியாக எப்போது ஒரு காரியம் செய்தீர்கள்? இரண்டு அமர்வு கழித்துப் பதில் வந்தது. கல்யாணத்துக்கு முன், ஊர் திரௌபதியம்மன் கோயில் திருவிழாவில், படுகளத்துக்கு முந்தின ராத்திரி. கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் பாரதம் போட்டால் பகலில் பிரசங்கம், ராத்திரி கூத்து, கடைசியில் களிமண்ணால் பெரிதாகத் துரியோதனனைப் படுக்க வைத்துப் படுகளம். இவர் பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே அந்த ஜமாவில் தாளம் போட்டுப் பின்பாட்டுப் பாடியவர். வேலை, கல்யாணம், பிறகு நோட்டு. ஊரிலிருந்து வந்த அந்த 'வேஸ்ட் டைம்' போன்களில் பாதி, கூத்து வாத்தியாருடையது.

பங்குனியில் ஒரு சனிக்கிழமை போனார். திங்களன்று இங்கே வந்தார்.

"ரொம்ப மோசமாப் போட்டேங்க மேடம். ரெண்டு எடத்துல தாளம் தப்பிடுச்சு. வாத்தியார் மேடையிலயே திட்டுனாரு. கட்டியங்காரன் வேற, 'ஓசூர்ல மெஷின் ஓட்டி மெஷின் ஓட்டி இவனுக்கு அதே தாளம்தான் வருது'ன்னு சொல்லி ஊரையே சிரிக்க வெச்சுட்டான்."

இந்த மனிதர் ஒரு தோல்வியைச் சிரித்துக்கொண்டே சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் முறை. உடனே, அடுத்த வாரம் செல்போனில் பதிவு செய்து எங்கே தப்புகிறது என்று பார்க்கலாம் என்றிருக்கிறேன் என்றார். நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். கூட வந்திருந்த மனைவிதான், "அதுக்கும் பலகையில ஒரு கட்டம் போட்டுரலாமா?" என்றார். பதிவு செய்யவில்லை.

மனைவி சொன்னது இன்னொன்று. அந்த ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கண் சிவந்து ஊரிலிருந்து வந்து, கீரைக் குழம்போடு இரண்டு உருண்டைக் களி தின்றுவிட்டு மதியம் ஒன்று வரைக்கும் தூங்கினாராம். நேரத்துக்குப் படு, நேரத்துக்கு எழு என்று தூக்க ஒழுங்கு பற்றி இரண்டு அமர்வு பாடம் எடுத்தவள் நான். அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு

ஏழு மாதத்தில் 14 அமர்வுகள். பிஎச்க்யூ-9 மதிப்பெண் 13லிருந்து இரண்டு மாதத்தில் 9, முடிவில் 5. மாத்திரை தேவைப்படவில்லை.

இதற்கெல்லாம் நான்தான் காரணம் என்று மார்தட்ட முடியாது. நான்காம் மாதத்தில் கம்பெனியில் ஷிஃப்ட் முறை மாறி அவருக்கு நைட் குறைந்தது. தூக்கம் சரியானதில் அதற்குப் பாதிப் பங்கு இருக்கலாம், கூடுதலாகவும் இருக்கலாம். கன்ட்ரோல் சார்ட்டும் எல்லோருக்கும் எடுபடாது. பாலக்கோட்டிலிருந்து வந்த ஒரு ஆசிரியையிடம் அதே சார்ட்டை ஆர்வமாக வரைந்து காட்டினேன். "எனக்கு இன்னொரு ரெக்கார்டா மேடம்?" என்று கேட்டு என்னை உட்கார வைத்துவிட்டார். இவருக்கு எடுபட்டதற்குக் காரணம், அது அவருடைய மொழி. நான் கொண்டுபோன எதையும் அவர் வாங்கிக்கொள்ளவில்லை. ஏற்கெனவே கையில் வைத்திருந்ததைத்தான் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

ஐந்தாம் மாதத்தில் ஒரு பின்னடைவு. டிகிரியில் ஒரு பேப்பர் அரியர் விழுந்தது. மறுநாளே நாலரை அலாரம் திரும்ப வந்தது, பச்சைத் தண்ணீரும் வந்தது. ஒன்பது நாள். மனைவி எனக்குப் போன் செய்தார். நான் கூப்பிடுவதற்குள் அவரே அழைத்து, "தட்டிட்டேங்க மேடம்" என்றார். எதை என்று நான் கேட்கவில்லை. அந்தப் பேப்பரை அடுத்த முறை எழுதினார். பாஸ், 52. பி.இ. முடிக்க இன்னும் ஒன்றரை வருடம் இருக்கிறது. மேனேஜர் பதவி வருமா என்பது வேறு கதை.

லைனில் கைசன் தாள் இப்போதும் எழுதுகிறாராம். போன மாதம் ஒன்று பரிசு வாங்கியிருக்கிறது.

சமையலறைப் பலகையை என்ன செய்தீர்கள் என்று கடைசி அமர்வில் மனைவியிடம் கேட்டேன். எடுக்கவில்லை, அங்கேயேதான் இருக்கிறதாம். மூன்று பத்தியையும் அழித்துவிட்டு அதில் பால் கணக்கு எழுதுகிறார்கள்.